பள்ளத்தூர் பெரிய வீடு: வாட்ஸ்அப் குழு (செட்டிநாட்டுக் குடும்பம்; இங்கே அப்பச்சி என்றால் அப்பா, ஐயா என்றால் தாத்தா, ஆச்சி என்றால் அக்கா)

வியாழன், இரவு 8:42

முத்தையா: வள்ளி ஆச்சி, பெரியப்பச்சியின் பாட்டு செட்டை இன்று வளவில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். பாட்டைவிட ம்ம்ம்ம் என்கிற உறுமல்தான் பெரிதாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் மேல் கை வைத்தால் சுர்ரென்று இழுக்கிறது.

வள்ளி: ஐயோ. சாந்திக் கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான். விடிகாலையிலிருந்து பாட்டு ஓட வேண்டும் என்கிறார் அப்பச்சி.

சோலை சித்தப்பா: பிள்ளையார் நோன்பிலும் இதே உறுமல். இழை எடுக்கும்போது பாடியது யார் காதிலும் விழவில்லை.

உமையாள் அயித்தை: பாடியது நான்.

சோலை சித்தப்பா: தெரியும்.

மெய்யப்பன் (சிங்கப்பூர்): முத்து, எந்தப் பாயிண்டில் செருகினாய்?

முத்தையா: தூண் பக்கத்தில் மரப்பலகையில் இருக்கிறதே, அந்தப் பழைய பாயிண்ட். இரண்டு ஓட்டைதான்.

மெய்யப்பன்: முதலில் அதைக் கழற்று. ஐயா காலத்து வயரிங்கில் இரண்டு வயர்தான் ஓடுகிறது, எர்த் கிடையாது. எந்த ஆம்ப்ளிஃபயரிலும் உள்ளிருந்து கொஞ்சம் கரண்ட் வெளித்தகட்டுக்குக் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாததால் உன் கை வழியாகப் போகப் பார்க்கிறது. டிவி கேபிளையும் ஆம்ப்ளிஃபயரில் கோத்திருப்பாய். கேபிளின் மேல் வலை வழியாகவும் அதே கரண்ட் தரையைத் தேடி ஓடும். நம் ஊர் கரண்ட் வினாடிக்கு 50 தடவை ஆடுகிறது, அந்த ஆட்டம்தான் உனக்கு ம்ம்ம் என்று கேட்கிறது. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் செட்டை அணைத்துவிட்டுக் கேபிளைப் பிடுங்கு. பிறகு போடு.

வள்ளி: சரி அண்ணே.

அண்ணாமலை (நியூஜெர்சி): என் பழைய ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவரட்டுமா?

உமையாள் அயித்தை: வேண்டாம்ப்பா. போன தடவை பொசுங்கிய வாடை பட்டாலையில் ஒரு வாரம் இருந்தது.

அண்ணாமலை: அயித்தை, அது பழைய கதை.

மெய்யப்பன்: அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் பொசுங்காமல் என்ன செய்யும்? பின்பக்கம் வோல்ட் மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் கொண்டுவா. இல்லையென்றால் அங்கேயே இருக்கட்டும்.

முத்தையா: கேபிளைப் பிடுங்கிவிட்டுப் போட்டேன். உறுமல் முக்கால்வாசி போய்விட்டது! ஆனால் கை வைத்தால் இன்னும் இழுக்கிறது.

மெய்யப்பன்: கை வைக்காதே என்றுதானே சொல்கிறேன்.

சோலை சித்தப்பா: இதற்கு எதற்கு இத்தனை பேச்சு? பிளக்குக்குள் பச்சை எர்த் வயரைக் கழற்றிவிட்டால் உறுமல் நின்றுவிடும். நம் மைக் செட்காரர் எப்போதும் அப்படித்தான் செய்வார்.

மெய்யப்பன்: அப்பச்சி, தயவுசெய்து அதை யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். எர்த் உள்ள பாயிண்டில் உறுமல் நிற்கலாம், உண்மை. அப்புறம் உள்ளே ஒரு வயர் தகட்டில் பட்டால் தொடுகிறவர் நிற்க மாட்டார்.

சோலை சித்தப்பா: நீ சிங்கப்பூரில் இருந்து சொல்.

வள்ளி: சண்டை வேண்டாம். சீதைச் சின்னாத்தா, வெள்ளைப் பணியாரம் எத்தனை சொல்வது?

சீதைச் சின்னாத்தா: 400. கந்தரப்பம் தனி.

சோலை சித்தப்பா: என் செட்டைக் கொண்டுவருகிறேன். 4000 வாட்ஸ். ஆனால் இந்த வீட்டு லோடு தாங்குமா என்றுதான் யோசனை.

மெய்யப்பன்: பின்னால் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது?

சோலை சித்தப்பா: (படம்)

மெய்யப்பன்: 60 வாட்ஸ்! முன்னால் இருக்கிற 4000 என்பது பிஎம்பிஓ, கடைக்காரர் கணக்கு. 60ஐ 230ஆல் வகுத்தால் கால் ஆம்பியர். ஒரு டேபிள் ஃபேன் எடுக்கிற அளவு. பாட்டு செட்டால் லோடு ஏறாது. ஏற்றப்போவது சமையல்கட்டு கிரைண்டரும் கிணற்று மோட்டாரும்தான். மோட்டார் ஓடத் தொடங்கும்போது வோல்ட் சட்டென்று இறங்கும், ஸ்பீக்கரில் டொப் என்று கேட்கும். அதனால் பாட்டுக்கு மீட்டர் போர்டிலிருந்து தனி லைன். இரண்டரை சதுர எம்எம் செம்பு வயர், மூன்று வயர். முடிவில் ஒரு 16 ஆம்ப் பாயிண்ட். ஆம்ப்ளிஃபயர், டிவி, லேப்டாப் எல்லாம் அந்த ஒரே பாயிண்டிலிருந்து. ஆளுக்கொரு மூலையில் செருகினால் மறுபடி உறுமும். சீரியல் செட்டுக்கு வேறு லைன்.

வள்ளி: கரண்ட் போனால்? இன்வெர்ட்டர் இருக்கிறதே.

மெய்யப்பன்: அது பழைய ஸ்கொயர் வேவ், கரண்ட் வளைந்து ஆடாமல் வெட்டி வெட்டி வரும். பல்புக்குச் சரி, பாட்டுக்கு இரையும். ஸ்டெபிலைசரும் உறுமலை நிறுத்தாது, அது வோல்ட்டை மட்டும்தான் பார்க்கும். ஜெனரேட்டர் வைத்தால், மாற்றும்போது ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட வேண்டும்.

அண்ணாமலை: இவனுக்கு யாராவது தண்ணீர் கொடுங்கள்.

முத்தையா: எர்த் எங்கே போடுவது அண்ணே?

மெய்யப்பன்: எட்டடிக் குழாய் இறங்குகிற குழி. சுற்றிலும் அடுப்புக்கரியும் கல்லுப்பும்.

உமையாள் அயித்தை: உப்பும் கரியும் போட்டுப் புதைக்கிறதா? அக்கம்பக்கத்தார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்!

மெய்யப்பன்: அயித்தை, ஈரம் நிற்பதற்கு அது. நம் ஊர் சரளை காய்ந்துபோனால் கரண்ட் இறங்காது. ஒருவேளை 20 ஓம் தடை இருந்தால் 230ஐ 20ஆல் வகுக்க, பதினொன்றரை ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்ப் ஃபியூஸ் அதற்குப் போகாது, தகடு கரண்டோடு அப்படியே நிற்கும். அதனால் 30 மில்லிஆம்ப் கசிந்தாலே லைனை வெட்டிவிடுகிற ஆர்சிசிபி ஒன்றும் கட்டாயம். குழியைக் கிணற்றடியில் போடு, குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கம்.

முத்தையா: கிணற்றடி தேவகோட்டைக்காரர்கள் பங்கு.

(வெகுநேரம் யாரும் எழுதவில்லை)

சோலை சித்தப்பா: முகப்பில் தோண்டக் கூடாது. ஆத்தங்குடிக் கல்லை ஒரு தடவை பெயர்த்தால் அதே பூ மறுபடி அமையாது.

வள்ளி: செலவு?

சோலை சித்தப்பா: ஏழு பங்கு இருக்கிறது. கரண்ட் பில்லை எட்டு வருடமாக யார் கட்டுகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

உமையாள் அயித்தை: இணைப்பு இன்னும் அப்பச்சி பெயரில்தானே இருக்கிறது? மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன்.

அண்ணாமலை: பல்லவன் ரயில் டிக்கெட் யாராவது போட்டீர்களா? நான் சென்னையில் இறங்கி அதில்தான் வர வேண்டும்.

வெள்ளி, காலை 6:05

ராமு பெரியப்பச்சி: (முருகன் படம்) இனிய காலை வணக்கம்

ராமு பெரியப்பச்சி: என் செட்டை யார் கழற்றியது?

முத்தையா: நான்தான் பெரியப்பச்சி. சோதனைக்கு.

ராமு பெரியப்பச்சி: ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த ரேடியோவில் ஒருநாளும் உறுமல் கேட்டதில்லை.

உமையாள் அயித்தை: அந்த ரேடியோ இப்போது எங்கே இருக்கிறது?

சோலை சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணாமலை: சித்தப்பா, என்ன எழுதினீர்கள்?

சோலை சித்தப்பா: ஒன்றுமில்லை.

முத்தையா: காரைக்குடியிலிருந்து எலக்ட்ரீசியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். வயர், ஆர்சிசிபி வாங்கி வைக்கச் சொன்னார். குழி எங்கே என்று சனிக்குள் சொல்லுங்கள்.

மெய்யப்பன்: கிணற்றடி.

வள்ளி: தேவகோட்டைக்காரர்களிடம் யார் பேசுவது? அயித்தை, நீங்கள்தானே அந்த ஆச்சியோடு பழக்கம்?

உமையாள் அயித்தை: பழக்கம் நோன்பு வரைக்கும் இருந்தது.

மெய்யப்பன்: அதுவரை அந்த இரண்டு ஓட்டைப் பாயிண்டில் யாரும் எதையும் செருகாதீர்கள்.

ராமு பெரியப்பச்சி: (குரல் பதிவு, 0:31)

முத்தையா: ஆச்சி, பெரியப்பச்சி பேசுவதற்குப் பின்னால் பாட்டு கேட்கிறதே. எங்கே செருகியிருக்கிறார்?

வள்ளி: ஐயோ. போய்ப் பார் முத்து.

சீதைச் சின்னாத்தா: பணியாரம் 400 சொல்லிவிட்டேன். சரிதானே?