சீமைக் கருவேலம் மூடிய 4 ஏக்கரை மறுபடியும் கொரங்காடாக்குவது எப்படி?

சரளைமேடு (கேள்வி)

வணக்கங்க. திண்டுக்கல் மாவட்டம் குஜிலியம்பாறை பக்கம் 4 ஏக்கர் மானாவாரிப் பட்டா நிலம். மேலே ஒரு முழம் செம்மண், அதுக்குக் கீழே சரளை. பல வருசமா உழவே இல்லை. முக்கால்வாசி சீமைக் கருவேலம் மூடிக் கிடக்குது. கிழக்கோரத்துல வெள்வேல மரம் எட்டுப் பத்து நிக்குது. பழைய முள்கிளுவை வேலி அங்கங்கே துண்டு துண்டா மிச்சம் இருக்கு. நடுவுல கைப்பிடிச்சுவர் இல்லாத ஒரு பாழுங்கிணறு. கவுதாரி, முயல், கீரி இப்பவும் இருக்குதுங்க. கடவூர் மலை கிட்டத்துலதான், ரெண்டு மூணு கிலோமீட்டர் இருக்கும்.

விவசாயம் பண்ற எண்ணம் இல்லை. காட்டு உயிர்களுக்குன்னே நிலத்தைக் கொரங்காடா, அதாவது முள்வேலி சுத்தின பழைய மேய்ச்சல் நிலமாத் திருப்பி விடணும். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஜேசிபி விட்டு மொத்தத்தையும் ஒரே மூச்சுல எடுத்துடலாமா? ஒருத்தர் மியாவாக்கி முறையில (கன்றை நெருக்கி நட்டு அடர்காடு வளர்க்கிறது) 1 ஏக்கர் போட்டுத் தர்றேங்கிறார், சரிவருமா? கிளுவை வேலியை எப்போ, எப்படி நட்டுப் புதுப்பிக்கிறது? தேவாங்கு வர்றதுக்கு என்ன செய்யணும்?

---

கொழுக்கட்டைப்புல்

முதல்ல ஒண்ணு தெளிவாகட்டும். உங்க நிலம் காடா இருந்து அழிஞ்ச நிலம் இல்லை, மேய்ச்சல் நிலமா இருந்து மூடிப்போன நிலம். வெள்வேலும் கிளுவைத் துண்டும் மிச்சம் இருக்கிறதே அதுக்குச் சாட்சி. தாராபுரம், மூலனூர், காங்கேயம் வட்டாரத்துல இன்னைக்கும் இருக்கிற கொரங்காட்டுக்கு மூணே உறுப்பு: தரையில கொழுக்கட்டைப்புல், நடுவுல வெள்வேல், சுத்தி முள்கிளுவை. நீங்க திரும்பக் கொண்டுவர வேண்டியதும் அந்த மூணுதான்.

மொத்தமா ஒரே தடவையில எடுக்காதீங்க. கவுதாரிக்கும் முயலுக்கும் இப்போ ஒளிய இருக்கிற ஒரே இடம் அந்தப் புதர்தான். அதோட, ஒரு ஏக்கர் எடுத்தாலே அடுத்த மழைக்கு ஆயிரக்கணக்குல கன்று முளைக்கும். நாலு ஏக்கரையும் திறந்துவிட்டால் பிடுங்க ஆள் கிடைக்காது, ரெண்டே வருசத்துல பழைய நிலைமைக்கே போயிடும். வருசத்துக்கு ஒண்ணேகால் ஏக்கர், மூணு வருசத்துல முடிங்க. வடக்கு ஓரத்துல கால் ஏக்கர் புதரைக் கடைசி வரைக்கும் விட்டுவைங்க. மத்த இடத்துல புல்லும் வேலியும் தேறின பிறகு அதையும் எடுத்துக்கலாம்.

எடுக்க வேண்டிய காலம் தை, மாசி. மழை ஈரம் மண்ணுல மிச்சம் இருக்கும், தூர் லேசா வரும். நெத்து பழுத்து உதிர்றதுக்கு முன்னாடி முடிஞ்சிடும். கவுதாரி தரையில முட்டை வைக்கிறது பெரும்பாலும் சித்திரைக்கு மேலதான், அதுக்கும் இடைஞ்சல் வராது.

விறகுக்காரர் வந்து "நாங்களே சும்மா வெட்டிக்கிறோம், காசும் தர்றோம்"னு சொல்லுவார். தரையோட அறுத்துட்டுப் போயிட்டால் உங்களுக்குத்தான் நட்டம். தண்டும் வேரும் சேர்ற தூர்லதான் மொட்டுக்கண் இருக்கு, மண்ணுக்குள்ள ஒரு சாண் வரைக்கும் இருக்கும். அதை விட்டு வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்துல பத்துத் தண்டு வரும். தூரோட குறைஞ்சது 30 செ.மீ. ஆழத்துக்கு வந்தாகணும்னு பேசி எழுதிக்குங்க. அதுக்குக் கீழே நிக்கிற வேர் துளிர்க்காது, அதை விட்டுடலாம். கரிமூட்டம் போடறதா இருந்தால் நிலத்துக்கு வெளியே போடச் சொல்லுங்க. மூட்டம் வெந்த இடத்துல மண்ணு சுட்டுப்போய் வருசக்கணக்குல புல் பிடிக்காது.

ஜேசிபி கூடாதுன்னு சொல்லலை. தொடை பருமன் மரத்துக்கெல்லாம் அதுதான் தோது. ஆனா பக்கெட்டோட பல்லால தூரைக் கெல்லித் தூக்கணும், அவ்வளவுதான். ஓட்டுறவர் பழக்கத்துல "சமன் பண்ணித் தர்றேன்"னு மேல் மண்ணை வழிச்சுடுவார். உங்களுக்கு இருக்கிறதே ஒரு முழ மண்ணு. அதைக் குவிச்சு ஓரத்துல தள்ளிட்டால் மிச்சம் சரளைதான், அதுல திரும்ப வர்றதும் சீமைக் கருவேலம் மட்டும்தான். மணிக்கட்டுப் பருமனுக்குக் கீழே இருக்கிறதைக் கடப்பாரை, மண்வெட்டியாலேயே எடுத்துடலாம். குழியை அன்னைக்கே மூடுங்க.

வெட்டின முள்ளை எரிக்காதீங்க. சரிவுக்குக் குறுக்கே வரிசையா, முழங்கால் உயரத்துக்குப் போட்டுவிடுங்க. கோடை மழையில ஓடுற மண்ணு அங்கே தங்கும். ஓணான், அரணை, முயல் எல்லாம் முதல்ல குடியேறுறது அதுலதான்.

புல் விதைக்கிறது புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதல். நாட்டுக் கலப்பையால சரிவுக்குக் குறுக்கே ஒரே ஒரு சால். ரோட்டவேட்டர் வேண்டாம், அடியில கிடக்கிற கருவேல விதையை எல்லாம் மேலே கொண்டுவந்துடும். ஏக்கருக்கு இரண்டரையில இருந்து மூணு கிலோ விதை. பக்கத்துக் கொரங்காட்டுல தை மாசம் கதிரை உருவி எடுத்த விதை கிடைச்சால் அதுதான் நல்லது. ஆனா உருவின உடனே விதைச்சால் சரியா முளைக்காது. புது விதைக்கு உறக்கம் உண்டு, ஆறேழு மாசமாவது சாக்குல கட்டி உலர்ந்த இடத்துல வைக்கணும். தையில எடுத்ததை ஐப்பசியில விதைச்சால் கணக்குச் சரியா வரும்.

இந்த விதை பஞ்சு மாதிரி இருக்கும், கையில அள்ளி வீசினால் காத்துல போயிடும். ஈர மணலோட கலந்து வீசுங்க. எறும்பு அதிகமா இருக்கிற இடம்னா களிமண்ணும் சாணமும் சேர்த்துப் பிசறி உருட்டிக் காயவச்சுப் போடுங்க. ஒரு செ.மீ.க்கு மேல ஆழம் போனால் வராது. முள்ளுக்கொப்பை ஒண்ணைக் கட்டி மேலே இழுத்துவிட்டால் போதும், மூடிக்கும். கூடவே நரிப்பயறு, செப்புநெருஞ்சி, கொழுஞ்சி விதை கைப்பிடி கைப்பிடியாப் போடுங்க. பூச்சி வர்றது அதுலதான். பூச்சி இல்லாத புல்லுல கவுதாரிக் குஞ்சு பிழைக்காது.

முதல் வருசம் புல் அங்கொண்ணு இங்கொண்ணாத் தூர் கட்டும். அதைப் பார்த்து மனசு விட்டுடாதீங்க. கார்த்திகையில மண்ணு ஈரமா இருக்கும்போதே கணுக்கால் உயரக் கருவேலக் கன்றுகளைக் கையால உருவிடணும். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால் மாசியில கடப்பாரை வேணும்.

---

பச்சைப்பந்தல்

எனக்கு இதுல முழு உடன்பாடு இல்லைங்க. மரத்தை எடுத்துட்டுப் புல்லு போடுறது பின்னோக்கிப் போறது மாதிரி தெரியுது. தமிழ்நாட்டு அரசே பசுமைத் தமிழ்நாடு இயக்கம்னு ஆரம்பிச்சு, மரப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டுபோகணும்னு சொல்லுது. நாற்றங்கால்ல வேம்பு, புங்கம், மகோகனி எல்லாம் கிடைக்குது. 4 ஏக்கர்ல 1 ஏக்கர் மியாவாக்கி போட்டால் மூணு வருசத்துல அடர்ந்த தோப்பு, பறவையும் வரும். அதுல என்ன தப்பு?

---

கொழுக்கட்டைப்புல்

கணக்கைப் பாருங்க. மியாவாக்கியில சதுர மீட்டருக்கு மூணுல இருந்து அஞ்சு கன்று. ஏக்கர்னா 4,047 சதுர மீட்டர். மூணுன்னு வச்சாலே 12,000 கன்றுக்கு மேல. குழிக்கு எருவும் தேங்காய் நார்க்கழிவும் கலக்கணும், ரெண்டு மூணு வருசம் விடாம தண்ணி கட்டணும். மானாவாரிச் சரளையில அந்தத் தண்ணி எங்கிருந்து வரும்? லாரித் தண்ணி வாங்கி வளர்த்தாலும், நிறுத்தின வருசமே மேல்ஓரம் காய ஆரம்பிக்கும். நகரத்துக்குள்ள பத்து சென்ட் இடத்துல நிழலுக்குப் போடுறது வேற விசயம்.

பறவை வரும்கிறதும் சரிதான். எந்தப் பறவைங்கிறதுதான் கேள்வி. தோப்புக்குக் குயிலும் தவிட்டுக்குருவியும் வரும், அதுங்க ஊருக்குள்ள எந்தத் தோட்டத்துலயும் இருக்கு. வானம்பாடி, கவுதாரி, காடை, ஆட்காட்டி எல்லாத்துக்கும் வேண்டியது திறந்த தரை. மரம் நெருங்க நெருங்க அதுங்க விலகிடும். விசிறித்தொண்டை ஓணானும் அப்படித்தான். வருவாய்க் கணக்குல "தரிசு"ன்னு எழுதின இடத்தையெல்லாம் மரம் நட்டு நிரப்பணும்கிற பழக்கத்தாலதான் இந்த உயிர்களுக்கு இடம் இல்லாம போகுது. மகோகனிக்கு இந்த மண்ணுல ஒரு வேலையும் கிடையாது.

மரமே வேண்டாம்னும் சொல்லலை. ஏக்கருக்கு 12, 15 வெள்வேல் போதும். நிழல் சல்லடையா விழும், அடியில புல் சாகாது. அதோட நெத்தை ஆடு மாடு தின்னும், நிலத்துக்குத் தழைச்சத்தும் சேரும்.

---

முள்வேலி

கிளுவை பத்திக் கேட்டிருந்தீங்க. இலை கொட்டி நிக்கிற காலத்துல போத்து (நடுறதுக்கான கிளைத்துண்டு) வெட்டணும். சித்திரை, வைகாசியில வெட்டி நட்டால், கோடை மழை ஒண்ணு ரெண்டு விழும்போது வேர் பிடிக்கும். கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத முத்தின போத்து, நாலடி நீளம். வெட்டின முனையில பால் மாதிரி கசியும். நிழல்ல நாலஞ்சு நாள் போட்டு முனை காஞ்ச பிறகு நடுங்க, அழுகல் குறையும்.

ஒண்ணேகால் அடி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி எடுத்து, அரை அடிக்கு ஒண்ணா ஊணிச் சுத்தி மிதிச்சு இறுக்குங்க. காத்துல ஆடினால் வேர் பிடிக்காது. இடுப்பு உயரத்துல குறுக்கே ஒரு வரிச்சல் கட்டினால் ஆடாது. நட்டுட்டுத் தினம் தண்ணி ஊத்துறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. கிளுவை காஞ்சு சாகிறதைவிட அழுகிச் சாகிறதுதான் அதிகம். நட்ட அன்னைக்கு ஒரு தண்ணி, அப்புறம் மழை பார்த்துக்கும்.

இடைவெளி விட்டுப்போன இடத்துல வெட்டின கருவேல முள்ளை அடைச்சுவைங்க, ரெண்டாவது வருசம் போத்து ஊணி நிரப்பிக்கலாம். வேலியில தானா ஏறுற பிரண்டை, கோவை, சூரை, காரை எதையும் பிடுங்காதீங்க. சுத்தம் பண்ணின வேலியில கொண்டைக்குருவி கூடு கட்டாது. முள்கம்பி மட்டும் போடாதீங்க. இருட்டுல பறக்கிற ஆந்தையும் ஓடுற முயலும் மாட்டிக் கிழிஞ்சுபோகும்.

சுத்துவேலியோட நிறுத்தாம, உள்ளேயும் ஒரு வேலி குறுக்கே போட்டு ரெண்டு மூணு கட்டாப் பிரிச்சுக்குங்க. ஏன்னா மேய்ச்சல் இல்லாத கொரங்காடு கொரங்காடா நிக்காது. ரெண்டு மூணு வருசம் மேயாம விட்டால் காஞ்ச புல் தூரை மூடிக்கும், புதுத் துளிர் வராது. பங்குனியில ஒரு பீடித் துண்டு போதும், மொத்தமும் போயிடும். விதைச்ச புல்லை ரெண்டாவது தை வரைக்கும் தொடாதீங்க. அதுக்கப்புறம் ஒரு கட்டுல மாடோ செம்மறியோ விட்டு, புல் நாலு விரக்கடை உயரத்துக்கு வந்ததும் அடுத்த கட்டுக்கு மாத்துங்க. ஐப்பசியில இருந்து கதிர் முத்தி விதை உதிர்ற வரைக்கும் எந்தக் கட்டுலயும் விடக்கூடாது. வெள்ளாடு வேண்டாம், வெள்வேலக் கன்றும் கிளுவைத் துளிரும் மிஞ்சாது. மாசியில சுத்திலும் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீத்தடம் எடுத்துடுங்க.

---

இராவுக்கண்

தேவாங்குக்கு நான் சொல்றேன். கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022ல அறிவிச்சது, கரூர், திண்டுக்கல் ரெண்டு மாவட்டத்துலயும் சேர்த்து 11,806 எக்டேர். அதுக்கு வெளியே பட்டா நிலத்து வேலியிலயும் வெள்வேல மரத்துலயும் தேவாங்கு வாழும். ஆனா அதுக்குத் தாவத் தெரியாது. கிளையைப் பிடிச்சுக் கிளைக்கு மாறித்தான் நகரும். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல கை எட்டாத இடைவெளி இருந்தால் தரையில இறங்கணும், இறங்கினால் நாயோ வண்டியோ முடிச்சிடும்.

அதனால உங்க நிலத்துல தேவாங்குக்கு உண்டான இடம் வேலிதான். நடுவுல புல்லுக்குத் திறந்துவிட்டுட்டு, கிழக்கோர வெள்வேலையும் கிளுவை வேலியையும் மலைப்பக்கம் இருக்கிற பக்கத்துத் தோட்டத்து வேலி வரைக்கும் அறுபடாம இணைங்க. வேலிக்குள்ளேயே பத்தடிக்கு ஒரு வெள்வேல் அல்லது உசிலை வளர விடுங்க. கொப்புகள் ஒண்ணோட ஒண்ணு உரசுற அளவுக்கு வரட்டும். வழிப்பாதை குறுக்கே போனால் அந்த இடத்துல ரெண்டு பக்கத்துக் கிளையையும் கழிக்காதீங்க. தென்னைக்கு அடிக்கிற பூச்சிமருந்து பக்கத்து நிலத்துல இருந்து காத்துல வந்தாலும் சிக்கல்தான், அது தின்கிறது பெரும்பாலும் பூச்சி. சோலார் விளக்கு வைக்காதீங்க. எங்கிருந்தும் பிடிச்சுவந்து விடணும்னு மட்டும் நினைக்காதீங்க, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்து அட்டவணை ஒண்ணுல இருக்கிற விலங்கு, கையில வச்சிருந்தாலே வழக்கு. வழி இருந்தால் அதுவே வரும்.

பாழுங்கிணறு முதல் வேலை. மூணடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்புங்க. உடனே முடியலைன்னா சுத்தி முள் அடைச்சு, உள்ளே தண்ணி மட்டம் வரைக்கும் ஒரு மூங்கில் ஏணியைச் சாய்ச்சு வைங்க. கீரியும் உடும்பும் அதுல ஏறி வந்துடும்.

குளம் வெட்டலாமான்னு அடுத்து கேட்பீங்க. வேண்டாம். வருசம் முழுக்கத் தண்ணி நின்னால் மயிலும் தெருநாயும்தான் கூடும். மயில் அக்கம்பக்கத்து வெள்ளாமைக்குப் போனால் பகை உங்களுக்கு. சரிவுல பிறை வடிவத்துல ஒரு அடி உயரக் கரை நாலஞ்சு போட்டு, மழைத் தண்ணி ஒரு வாரம் நின்னு இறங்கினால் போதும்.

---

சரளைமேடு

எல்லாருக்கும் நன்றிங்க. வர்ற தையில முதல் ஒண்ணேகால் ஏக்கரை ஆரம்பிச்சுடறேன். ஒரே சந்தேகம்: வெள்வேல விதைக்கு ஆட்டுப்பட்டிப் புழுக்கையை அள்ளிப் போட்டால் போதும்னு ஊர்ல சொல்றாங்க. சரியா?

---

முள்வேலி

பழைய வழிதான், ஆட்டு வயித்துல போய் வந்த விதை நல்லா முளைக்கும். ஆனா இன்னைக்கு அதே பட்டியில கருவேல விதையும் அதே அளவு கிடக்கும். எடுத்த நிலத்துல நீங்களே விதைச்ச மாதிரி ஆயிடும். வெளி ஆடு மாட்டைச் சேர்க்கிறதா இருந்தாலும், கருவேல நெத்து தின்னிருந்தால் ஒரு வாரம் வேற இடத்துல கட்டிவச்சுத்தான் உள்ளே விடணும்.

வெள்வேல நெத்தை மரத்துல இருந்தே பறிச்சு உடைச்சு விதை எடுங்க. தண்ணியைக் கொதிக்க வச்சு, அடுப்புல இருந்து இறக்கின பிறகு விதையைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்க. காலையில உப்பினதை மட்டும் எடுத்து, இடத்துக்கு மூணு விதையா நேரடியா ஊணி, மேலே முள்ளுக்கொப்பு ஒண்ணைக் கவிழ்த்துடுங்க. பையில வளர்த்தால் ஆணிவேர் சுருண்டுடும்.

முளைச்ச புதுசுல ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும், ரெண்டுக்கும் முள் ஜோடியாத்தான் வரும். ஒரு சாண் வளர்ந்ததும் ஒரு இலையைப் பறிச்சு விரிச்சுப் பாருங்க. நடுக்காம்புல இருந்து கிளைக்காம்பு ஒண்ணு ரெண்டு ஜோடி, மிஞ்சினால் மூணு ஜோடிதான்னா சீமைக் கருவேலம். அஞ்சு ஆறு ஜோடிக்கு மேல, பொடிப்பொடி இலையா இருந்தால் வெள்வேல். கூலிக்கு ஆள் விட்டுக் களை எடுக்கிறப்போ ரெண்டு கொப்பையும் ஒடிச்சு அவங்க கையில கொடுத்துக் காட்டிட்டு இறக்குங்க.