கூப்பிட்டால் திரும்பாத பையன்

கேள்வி:
மகனுக்கு 5 வயது, யுகேஜி. "ஷூவைப் போட்டுட்டு பையை எடுத்துட்டு வா" என்றால், ஒரு காலில் மட்டும் ஷூவோடு வாசற்படியில் எறும்பு பார்த்துக்கொண்டிருக்கிறான். நாலு தடவை கத்தினால்தான் திரும்புகிறான். டைரியில் 'கவனமே இல்லை' என்று மிஸ் எழுதிவிட்டார்.

பதில் 1:
முதலில் காதைப் பாருங்கள் சிஸ்டர். என் மகளுக்குச் சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தது. வலியே இல்லை, அதனால் எங்களுக்கு உறைக்கவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவாள். நாங்களோ திமிர் என்று திட்டினோம். இப்போது நினைத்தாலும் சங்கடம்தான்.

பதில் 2:
அடுப்படியிலிருந்து கத்தாதீர்கள். கிட்டே போய்த் தோளைத் தொட்டு, "ஷூ" என்று மட்டும் சொல்லுங்கள். அது முடிந்த அப்புறம் "பை".

கேட்டவர்:
டிவி கதை இங்கேயும் அதேதான்! சனிக்கிழமை காது டாக்டரிடம் போகிறோம். "ஷூ" இன்று பலித்தது; பைதான் வீட்டிலேயே இருக்கிறது.