ஒரு வாரிசின் கையெழுத்து இல்லாமல் மனை வாங்கலாமா?

வணக்கம். ஒரு மனை பேசி முடிக்கும் நிலையில் இருக்கிறோம். நல்லவேளை, முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. தாய்ப்பத்திரம் விற்பவரின் அப்பா பெயரில் இருக்கிறது, அவர் இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகளில் அண்ணன், தம்பி இருவரும் கையெழுத்துப் போடத் தயார். வெளியூரில் இருக்கும் தங்கையைப் பற்றிக் கேட்டால், "அவ பங்கு வேண்டாம்னு சொல்லிட்டா" என்கிறார்கள். வாய்வார்த்தைதான், எழுத்தில் ஒன்றும் இல்லை.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. ஆனால் அதில் பதிவான பத்திரங்கள்தானே வரும்? பதியாத உயில் இருந்தால்? தங்கையிடம் விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதி வாங்கச் சொல்லலாமா, இல்லை தன் சார்பில் கையெழுத்துப் போட அவர் அண்ணனுக்குப் பவர் கொடுத்தாலே போதுமா? தரகர் வேறு தினமும் அவசரப்படுத்துகிறார். அப்புறம், ஒரு பக்க வேலி இரண்டடி உள்ளே தள்ளி நிற்கிறது. அதைத் தனியாக அளந்துகொள்கிறோம். இப்படி வாங்கி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.