வால்பாறை: எஸ்டேட் பங்களாவில் தங்கினால் தோட்டத்துக்குள் நடக்கலாமா?

சாரல்:
ஜனவரிக் கடைசியில் நானும் கணவரும் சென்னையிலிருந்து காரில் வால்பாறை போகலாம் என்றிருக்கிறோம். ஊட்டி, கொடைக்கானல் கூட்டம் அலுத்துவிட்டது. எங்களுக்கு வேண்டியது நிறைய நடை, ஒரு ஏரியோ அணையோ, தங்குவதற்குப் பழைய துரை பங்களா. தேயிலைக்குள் நாங்களாகவே சுற்றலாமா? பரம்பிக்குளம், அதிரப்பள்ளி இரண்டையும் இதிலேயே சேர்க்க முடியுமா?

ஆனைமலையான்:
தாராளமாக வாங்க, நல்ல மாதம். மழை இருக்காது, அட்டைத் தொல்லையும் குறைவு. முதலில் இ-பாஸ் எடுத்துவிடுங்கள், 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் கட்டாயம்.

பரம்பிக்குளத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். வரைபடத்தில் பக்கத்தில்தான் தெரியும், ஆனால் காரில் போக மலையை விட்டு இறங்கி சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக மறுபடி ஏற வேண்டும், ஒரு பகலே போய்விடும். அந்த நேரத்தை ஆழியாறு மலைப்பாதைக்குக் கொடுங்கள். 40 கொண்டை ஊசி வளைவு, 9ஆவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. அங்கே நிறுத்தினால் கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரியும், அந்தப் பகுதிப் பாறைகளில் வரையாடு நிற்பதும் உண்டு. நல்லமுடிப் பூஞ்சோலை காட்சிமுனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வானம் தெளிவாக இருந்தால் எதிரே 2,695 மீட்டர் ஆனைமுடி, மஞ்சு ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது.

தோட்டத்துக்குள் நீங்களாக நடக்க வேண்டாம். அது கம்பெனி நிலம் என்பது ஒரு பக்கம். யானைகள் ஒரு சோலைக்காட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தேயிலை வழியாகத்தான் போகின்றன, பகலில் ஓடையோர மரங்களுக்குள் ஒதுங்கி நிற்கும், பத்தடி தள்ளி நின்றாலும் சத்தமே கேட்காது. பங்களாவில் சொன்னால் வழி தெரிந்த ஆளைக் கூட அனுப்புவார்கள், அவரோடு வெயில் வந்த பிறகு கிளம்பி, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். சாலையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம், உள்ளூர்க்காரர்களே கைபேசியிலிருந்து எரியவிடுவது அது.

லயத்துப்பெண்:
நான் பிறந்து வளர்ந்ததே அங்கேதான், அதனால் ரெண்டு விஷயம் சொல்லியே ஆகணும். கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், எடைக் கணக்கில் வேலை பார்க்கிறவர்களை நிற்கச் சொல்லிப் போஸ் கொடுக்க வைக்காதீர்கள். லயத்து வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், சுற்றிப்பார்க்கும் இடம் இல்லை. யாராவது அவர்களாகவே டீ குடிக்கக் கூப்பிட்டால் மட்டும் தயங்காமல் உட்காருங்கள்.

அப்புறம் புதுத்தோட்டம் பக்கம் காரை மெதுவாக விடுங்கள் அக்கா. சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும் இடம் அது. மரத்துக்கு மரம் அவற்றுக்காகப் பாலம் கட்டியிருக்கிறார்கள், ஆனாலும் பிஸ்கட் போடும் ஆட்களால் கீழே இறங்கி வண்டியில் அடிபடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறு எங்கும் காட்டில் பார்க்க முடியாத குரங்கு, தயவுசெய்து எதுவும் போடாதீர்கள்.

வாழச்சால் ரசிகன்:
அதிரப்பள்ளியைத் திரும்பும் வழியாக வைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும். நீங்கள் கேட்ட தண்ணீரும் அந்த வழியிலேயே, சோலையாறு அணை. அது தாண்டி மலக்கப்பாறை, பிறகு வாழச்சால் வரை அடர்ந்த காடு. அண்ணாந்து பார்த்துக்கொண்டே வாங்க, இருவாச்சி பறக்கும்போது ரயில் மாதிரி சிறகுச் சத்தம் கேட்கும். சோதனைச்சாவடியில் மாலை 6 மணிக்கு மேல் விடமாட்டார்கள், காலையிலேயே கிளம்புங்கள். வால்பாறையிலேயே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள், காட்டுக்குள் பங்க் கிடையாது.