90-வது நிமிடத்தில் எழுந்து போனவன்

பெரம்பூர் மாமா:
கோச் மேல் இருந்த கடுப்பில் ஃபுட்பால் மேட்ச் முடியும் முன்பே கிளம்பிப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நான் போனேன்.

2019 நவம்பர் 25, நேரு ஸ்டேடியம். ஐஎஸ்எல் ஃபுட்பால் லீக்கில் நம்ம ஊர் டீம் சென்னையின் எஃப்சிக்கும் ஹைதராபாத்துக்கும் மேட்ச். அந்த சீசனில் அதுவரை நாலு மேட்ச், நம்ம டீம் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அதற்கு முந்தைய சீசனோ இன்னும் மோசம். 2018 மார்ச்சில் பெங்களூருக்கே போய் ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கி வந்த டீம், அடுத்த சீசனில் 18 மேட்சில் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடம். அப்போதும் ஜான் கிரெகரிதான் கோச். கோப்பை வாங்கித் தந்த மனுஷன், கொஞ்சம் பொறுப்போம் என்று நானும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பொறுமை போய்விட்டது. 90 நிமிடம் ஆகியும் 0-0. அக்கா பையனை சீட்டிலிருந்து எழுப்பினேன்.

"மாமா, இன்னும் இஞ்சுரி டைம் இருக்கு, வீணான நேரத்துக்குச் சில நிமிஷம் கூடக் குடுப்பாங்க."

"நாலு மேட்ச்ல வராத கோல் நாலு நிமிஷத்துலயா வரப்போகுது? வாடா."

கேட்டைத் தாண்டிப் பத்தடி வைத்திருப்போம், உள்ளே ஒரே கூச்சல். நம்ம ஷெம்ப்ரி கோல். திரும்பி ஓடுவதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. ஹைதராபாத் சமன் செய்துவிட்டதாம். "பாத்தியா, நான் சொல்லல?" என்று வாயெடுத்தேன், மறுபடியும் கூச்சல். நம்ம வால்ஸ்கிஸ். 2-1. மூன்று கோலும் இஞ்சுரி டைமில். மூன்றையும் காதால்தான் பார்த்தேன். பையன் வீடு வரைக்கும் என்னோடு பேசவில்லை.

பைக் மாட்டிக்கொண்டவர்:
நான் அன்று கடைசிவரை இருந்தேன். விசுவாசமெல்லாம் இல்லை சார், என் பைக்கை மறித்து எவனோ புல்லட்டை நிறுத்தியிருந்தான்.

ஆனால் உங்கள் கோபம் தப்பில்லை. சில நாளிலேயே கிரெகரி போனார், ஓவன் கோய்ல் வந்தார். அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே சாங்தே. அதே டீம் ஃபைனல் வரைக்கும் போனது. வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்துத் அதிக கோலுக்கான தங்கக் காலணி விருது வாங்கினார். ஃபைனலில் கொல்கத்தா டீம் ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றது வேறு கதை. கொரோனா நேரம், காலி மைதானம்.

அப்பாவோடு டிவி பார்ப்பவன்:
சரி, கோச்சை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா? அதற்கப்புறம் லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச் என்று சீசனுக்கு ஒருவர். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 வாங்கிய ராத்திரி அப்பா டிவியை அணைத்துவிட்டு, "இவனையும் அனுப்பிடுவாங்க பாரு" என்றார். அனுப்பினார்கள். வருஷத்துக்கு ஒரு வாத்தியார் வந்து போனால் பிள்ளைகள் எதைத்தான் படிப்பார்கள்? 2023-ல் மறுபடி கோய்லையே கூப்பிட்டபோது அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "கடைசியில கோயிலுக்கே வந்துட்டாங்க" என்றார்.

பெரம்பூர் மாமா:
அப்பாவுக்கு என் வணக்கம். அக்கா பையன் இப்போது காலேஜ். இன்றைக்கும் கடிகாரம் 85-ஐத் தொட்டால் என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறான்.