கருப்பு வெள்ளை பிரிண்ட் பச்சையடிக்குது, யாராச்சும் வழி சொல்லுங்கப்பா

நான் ராயபுரம். காசிமேட்டுல விடிகாலைல எங்க தாத்தா வலை பின்றப்ப எடுத்த போட்டோவ கருப்பு வெள்ளைல பிரிண்ட் போட்டு வாசலுக்கு எதிர் செவுத்துல மாட்டுனேன், ரெண்டு வருஷம்தான் ஆவுது, இப்ப பாத்தா தாத்தா வேட்டி லைட்டா பச்சையா கீது. பிரேம் மறைச்ச ஓரம் மட்டும் அப்படியே சாம்பல் கலர்ல இருக்கு. பிக்மென்ட் இங்க், அதான் பொடி கலந்த மை, சீக்கிரம் வெளுக்காதுனு சொல்லித்தான் பிரிண்ட் கடைக்காரர் காசு வாங்குனாரு, அப்புறம் கேட்டா டை இங்க்காம், கரையுற சாயம், அது சீக்கிரம் வெளுத்துரும்.

கருப்பு பிக்மென்ட்னா கார்பன், கரி மாதிரி, லேசுல வெளுக்காது. ஆனா சாம்பல நியூட்ரலா காட்ட கலர் இங்க்கும் சேக்குறாங்கல்ல, அதுல மெஜந்தா முதல்ல போச்சுனா பச்சைதான். எப்சன் பிரிண்டருக்கு வர்ற கே3 இங்க்ல அடர்த்தி வேற வேறயா மூணு கருப்பு இருக்கு, அதனால கலர் கம்மியாத்தான் சேரும்.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் அந்த மாதிரி மெஷின்ல, பிரைட்னர் (பேப்பர பளிச்னு வெள்ளையா காட்டுற கெமிக்கல்) கலக்காத காட்டன் பேப்பர்ல போட்டுத் தர்றவங்க இருக்காங்களா? முழுக்க கார்பன் இங்க்கே யாராச்சும் யூஸ் பண்றீங்களா, கொஞ்சம் பழுப்பா வருமாமே, கண்ணுக்கு எப்படி இருக்கு? எங்க வூட்ல கடல் காத்து வேற, கண்ணாடி பிரேம் போதுமா?