எவரெஸ்ட் அடிவார முகாம் நடைப்பயணம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் நேபாளத்தின் லுக்லாவிலிருந்து, 5,364 மீட்டர் உயரத்திலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். இதுவரை 3,000 மீட்டரைத் தாண்டியதில்லை.

மூன்று மாதங்களாக, எட்டுக் கிலோ முதுகுப்பையுடன் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிகளில் ஏறி இறங்கிப் பழகி வருகிறேன் (காவலாளி முதலில் என்னைத் தண்ணீர் கேன் போட வந்தவர் என்றே நினைத்துவிட்டார்). ஆயினும், கால்களின் வலிமை எவ்வளவு கூடினாலும் அது உயரமான இடங்களில் ஆக்சிஜன் குறைவால் வரும் உயர நோயைத் தடுத்துவிடாது என்பதே என் கவலை. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்ற பொது விதியை மனத்தில் கொண்டு, வழியிலுள்ள நாம்சே பஜாரிலும் (3,440 மீட்டர்) டிங்போச்சேயிலும் (4,410 மீட்டர்) கூடுதலாக ஓர் இரவு தங்குவதாக வைத்திருக்கிறேன். அது போதுமா, அல்லது அதற்கும் மேலே உள்ள லொபுச்சேவுக்கு முன் இன்னொரு நாளும் ஒதுக்க வேண்டுமா?

எனக்குச் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருப்பதால், உயர நோயைத் தடுக்க எடுத்துக்கொள்ளும் அசிட்டசோலமைடு மாத்திரை குறித்து மருத்துவரைக் கேட்டே முடிவெடுப்பேன். அம்மாத்திரை இல்லாமல் சென்று திரும்பியவர்கள் தங்கள் நாள்வாரித் திட்டத்தைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும். உறக்கப் பையைக் காத்மாண்டுவின் தாமேலில் வாடகைக்கு எடுத்தவர்கள், அதன் தரம் எப்படி இருந்தது என்பதையும் தெரிவிக்கவும்.